பீர்மேட்டில் மூன்று நாட்கள்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் நம் அங்கத்தினர் ஒருவர், ஜெர்மனியில் ம்யூனிக் நகரில் ஹோட்டல் தேடி அலைந்த அனுபவத்தை மிகச் சுவையாகச் சொன்னார். அக்டோபர்ஃபெஸ்ட் நாட்களில் அறை கிடைப்பதே துர்லபம், கிடைத்தாலும் வாடகை தலையைச் சுற்றும் என்றார். "பீர்மேட்டில் மண்டல காலத்திலும் அதே கதைதான் ஸார்" என்று நான் முணுமுணுத்தது செயலாளர் காதில் விழுந்துவிட்டது. அதன் பலன், இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

பீர்மேட்டைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவாகத்தான் இருப்பார்கள். ஆனால் பார்த்ததெல்லாம் கார் ஜன்னல் வழியாக. தேக்கடிக்கோ சபரிமலைக்கோ போகிற வழியில் ஒரு டீ, அவ்வளவுதான். எழுபதைத் தாண்டியவர்கள் தங்குவதற்கு ஏற்ற மலை அதுதான் என்பது என் அபிப்பிராயம். கொடைக்கானல் 7,000 அடி, பீர்மேடு சுமார் 3,000 அடி. மூச்சு வாங்காது, எலும்பைத் துளைக்கும் குளிர் கிடையாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்று கல்லூரியில் படித்த கணக்குப்படி, கோட்டயத்தைவிட ஆறு டிகிரி குறைவாக இருக்கும். தண்ணீரும் அங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அரிசி வேகக் கொஞ்சம் தாமதமானால் சமையல்காரரைக் கோபிக்காதீர்கள், காற்றழுத்தத்தைக் கோபியுங்கள்.

சென்ற ஜனவரி கடைசியில் நானும் என் சகதர்மிணியும் போனோம். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனது, சர்க்கரையும் உண்டு. வேளைக்கு ஆகாரம் வயிற்றுக்குப் போகாவிட்டால் கை நடுங்கிவிடும். ஆகவே புறப்படும் முன்பே ஒரு விடுதிக்குப் போன் செய்து, படி ஏற வேண்டுமா, சைவச் சாப்பாடு உண்டா என்று இரண்டு கேள்வி கேட்டேன். "நாலு படிதான் ஸார், வெஜ் உண்டு ஸார்" என்று பதில் வந்தது. நேரில் போனால் சரிவில் கட்டிய கட்டடம். சாலையிலிருந்து எங்கள் அறைக்கு 38 படிகள் கீழே இறங்க வேண்டும். எண்ணிப் பார்த்தேன். சமையலறை ஒன்றே ஒன்று, மீன் பொரித்த சட்டியைக் கழுவி அதிலேயே நமக்கு உருளைக்கிழங்கு. முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்றார்கள். இருட்டிக்கொண்டு வந்தது, மூடுபனி வேறு. விடுதியின் பெயர் வேண்டாம். பணத்தை விட்டுவிட்டு, டிரைவர் சொன்ன ஒரு ஹோம் ஸ்டேக்குப் போனோம். அங்கே போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு வியர்க்க ஆரம்பித்துவிட்டது. கையில் இருந்த சர்க்கரையும் பிஸ்கட்டும்தான் காப்பாற்றின.

இதை ஏன் விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், பீர்மேட்டில் தாலுகா ஆஸ்பத்திரி உண்டு, ஆனால் பெரிய வைத்தியத்துக்குக் கோட்டயம்தான் போக வேண்டும். சுமார் 75 கிலோமீட்டர், அதில் ஒரு பகுதி மலைப்பாதை. இரவில் மூடுபனியில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இருதய நோயாளிகள் தங்கள் டாக்டரைக் கலந்துகொள்ளாமல் புறப்படக் கூடாது. விடுதிக்காரரிடம், அறை சாலை மட்டத்தில் இருக்கிறதா, கார் வாசல் வரை வருமா, சமையலுக்குத் தனி அடுப்பும் தனிப் பாத்திரமும் உண்டா என்று இப்படிக் குடைந்து கேளுங்கள். "வெஜ் உண்டா" என்று மட்டும் கேட்டால், உண்டு என்று சொல்லாதவர் கேரளத்தில் கிடையாது!

அந்த ஹோம் ஸ்டேயில் சமைத்த அம்மாள் தமிழ்க்காரர். எங்கள் தேவையைச் சொன்னதும் அலமாரியிலிருந்து புதுக் குக்கரை எடுத்து, "இதுல இன்னும் எதுவும் வைக்கலம்மா, நீங்களே பாருங்க" என்று என் மனைவியிடம் நீட்டினார். மூன்று நாளும் ரசம், மோர்க்குழம்பு, மெழுக்குபுரட்டி. தாத்தா காலத்தில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த குடும்பமாம். தேயிலை கிள்ளிக்கொண்டிருந்தவர், தோட்டத்தை மூடிவிட்டதால் இப்போது கரண்டி பிடிக்கிறார். "கிராஜுவிட்டி பாக்கி இன்னும் வரல சார். லயத்துலதான் இருக்கோம், மழைக்கு ஒழுகுது" என்றார். 2000-க்குப் பிறகு அந்தத் தாலுகாவில் பல தோட்டங்கள் இப்படி மூடப்பட்டன. மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்கும் எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அங்கே தமிழ் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. 1860-களில் வெள்ளைக்காரர்கள் காப்பி பயிரிட்டார்கள், இலை நோய் வந்து காப்பி அழிந்தபின் தேயிலைக்கு மாறினார்கள். வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நம் ஜனங்கள். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டுக்கு வர வேண்டும் என்று நேசமணி முதலியோர் போராடினார்கள். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்தன, இவை வரவில்லை. ஊர்ப் பெயர் பீர் முகம்மது என்ற சூஃபி மகானின் பெயரால் வந்தது என்பார்கள்.

பார்க்க வேண்டிய இடங்களுக்கு வருகிறேன். பருந்தும்பாறை மிக அருகில். விளிம்பில் நின்றால் கீழே பள்ளத்தாக்கும் தூரத்தில் சபரிமலைக் காடுகளும் தெரியும். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், பிறகு பனி மூடிவிட்டால் வெள்ளைத் திரைதான். தாகூர் தலை போன்ற ஒரு பாறையைக் காட்டுவார்கள். எனக்குத் தாடி மட்டும் தெரிந்தது. குட்டிக்கானத்தில் பைன் மரக்காட்டில் சமதளமாகச் சிறிது நடக்கலாம். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் பழைய கோடை மாளிகையை வெளியே நின்று பார்த்தோம். வளஞ்ஞங்கானம் அருவி சாலை ஓரத்திலேயே இருப்பதால் காரை விட்டு இறங்கக்கூட வேண்டாம். பாஞ்சாலிமேட்டில் ஏற்றம் உண்டு. நான் மட்டும் ஏறினேன்.

தேக்கடிக்கு ஒரு பகல் போதும். அந்த ஏரி இயற்கையானது அல்ல, 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் தேங்கிய நீர். படகில் ஏறினால் உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். 2009 செப்டம்பர் 30-ல் அங்கே படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். மிருகத்தைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்ததாகச் சொல்லப்பட்டது. இரண்டு தட்டுப் படகில் மேல்தட்டில் ஜனங்கள் நின்றால் ஈர்ப்பு மையம் உயர்ந்துவிடும், பிறகு சிறிய சாய்வே போதும். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைப் போட்டுக்கொள்ளுங்கள், தோளில் தொங்கவிடாதீர்கள்.

எப்போது போவது? ஜூன் முதல் நவம்பர் வரை மழையும் மண்சரிவும். 2021 அக்டோபரில் அதே தாலுகாவின் கொக்கயாறில் மலை சரிந்து உயிர்கள் போயின. நவம்பர் நடுவிலிருந்து மகர விளக்கு வரை குமுளிச் சாலை முழுக்க ஐயப்ப பக்தர்கள், அறை கிடைக்காது. மகர ஜோதி அன்று பெரியவர்களை மலைமுகட்டுக்குக் கூட்டிப் போகவே போகாதீர்கள். 2011-ல் புல்லுமேட்டில் நெரிசலில் 100 பேருக்கு மேல் மாண்டார்கள். மிச்சமிருப்பது ஜனவரி கடைசியும் பிப்ரவரியும்.

சென்னைக்காரர்களுக்கு இப்போது தேனி வரை ரயில் இருக்கிறது, அங்கிருந்து கம்பம், குமுளி வழியாகக் கார். திரும்பும்போது லோயர் கேம்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தில் அரைமணி நில்லுங்கள். மேற்கே கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்து, மின்சாரம் தந்துவிட்டுக் கம்பம் வயல்களுக்குப் போவதை அங்கேயே பார்க்கலாம். மண்டபத்துக்குப் படிகள் குறைவு. என் மனைவியே ஏறினாள்.