‘ங்க’ இல்லாத தமிழ்

(முக்கொம்பு பூங்காவில் நடந்த வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



மொழியும் சாதியும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் அதில் ஒரு சின்ன ஒட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ‘வாங்க, போங்க, உக்காருங்க’ என்கிறோமே, அந்த ‘ங்க’.

எங்க அப்பா இந்த ஆத்துத் தண்ணி பாயுற வயலில்தான் கடைசி வரைக்கும் உழைத்தார். வாய்க்காலில் தண்ணி பார்க்கிற வேலை. அறுபது வயசு தாண்டிய பிறகும் ஒருநாள் மிராசுதார் வீட்டுப் பையன் வரப்பு மேல நின்னு கூப்பிட்டான். பத்து வயசு இருக்கும். “டேய், அப்பா கூப்புடுறாரு, வா.” அப்பா மண்வெட்டியைப் போட்டுட்டு “இந்தா வந்துட்டேன் சாமி”ன்னு ஓடினார். நான் பக்கத்தில் நின்றேன்.

அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். அதில் ரெண்டு அப்பா இருக்கிறார்கள். அவனுடைய அப்பா ‘கூப்புடுறாரு’. என்னுடைய அப்பா ‘டேய், வா’. ஒரே மூச்சில், தடுமாறாமல் சொல்கிறான். இந்த இலக்கணத்தை எந்த வாத்தியாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நன்னூலிலும் கிடையாது. ஆனால் ஊரில் ஒரு குழந்தையும் இதில் தப்புப் பண்ணாது.

இதில் சாதிப் பேர் எங்கேயும் வரவில்லை, கவனியுங்கள். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2015-இல் திருத்தினார்கள். பொது இடத்தில் சாதிப் பேரைச் சொல்லித் திட்டினால் குற்றம் என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். நல்லது, அந்தச் சட்டத்துக்காகச் செத்தவர்கள் உண்டு. ஆனால் ‘ங்க’ போடாமல் பேசினான் என்று எந்த ஸ்டேஷனில் புகார் எழுதுவது? ரைட்டர் சிரிப்பார். அவரும் நம்மிடம் ‘என்னய்யா, சொல்லு’ன்னுதான் பேசிக்கொண்டிருப்பார்.

நம் முன்னோடிகள் பெயருக்காகப் பெரிய சண்டை போட்டிருக்கிறார்கள். ரெட்டமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ என்றே பத்திரிகைக்குப் பேர் வைத்தார். எந்தச் சொல்லால் அடிக்கிறாயோ அதையே தலைப்பாகையாகக் கட்டிக்கொள்கிறேன் என்கிற நிமிர்வு அது. அயோத்திதாசப் பண்டிதர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அது எதிரி கொடுத்த பேர், நாம் பூர்வத் தமிழர் என்றார். 1907-இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ கோலார் தங்கவயலுக்கும் ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போனது. பிறகு எம்.சி. ராஜா போராடி 1922-இல் ‘ஆதிதிராவிடர்’ என்று அரசாணை வந்தது. நேத்து மாதிரி இருக்கிறது, 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்கிற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்த மாற்றங்கள் எல்லாம் பெயர்ச்சொல்லில். வினைச்சொல்லில் கை வைத்தவர் யார்?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது, சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், போலந்திலிருந்து.

எங்க அக்கா மகன் அங்கே ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிப் போனவன். போன மூணாவது வாரம் போன் பண்ணினான். “மாமா, இங்க ரொட்டிக் கடையில ஒரு கிழவி இருக்கு. எழுபது வயசு இருக்கும். என்னைப் ‘பான்’னு கூப்புடுது. பான்னா என்னன்னு பாத்தேன். எசமான்னு அர்த்தமாம்!” சொல்லிட்டுச் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் தாத்தா மேல் ‘டேய்’ விழுந்த அந்த வரப்புதான் ஞாபகம் வந்தது.

பிறகு நானும் தேடிப் படித்தேன். போலிஷ் மொழியில் முன்பின் தெரியாத ஆம்பளையை ‘பான்’ என்றும் பொம்பளையை ‘பானி’ என்றும்தான் சொல்ல வேண்டும். ‘உனக்கு நேரம் இருக்கா’ என்று கேட்கக் கூடாது. ‘பானுக்கு நேரம் இருக்கிறதா’ என்று படர்க்கையில் கேட்க வேண்டும். இது ஒரு காலத்தில் பண்ணையாருக்கு மட்டும் உரிய சொல். அங்கே பண்ணை என்றால் நம்ம தஞ்சாவூர்ப் பண்ணைக்குக் குறைந்ததில்லை. குடியானவன் மண்ணோடு கட்டப்பட்டவன், வாரத்தில் இத்தனை நாள் பண்ணை நிலத்தில் கூலி இல்லாமல் உழைக்க வேண்டும். ஆஸ்திரியாவின் கையில் இருந்த பகுதியில் 1848-லும் ரஷ்யாவின் கையில் இருந்த பகுதியில் 1864-லும்தான் அந்த அடிமைத்தனம் ஒழிந்தது. அந்தக் குடியானவனை நிலப்பிரபுக்கள் ‘ஹாம்’ என்றார்கள். பைபிளில் நோவாவின் சாபம் விழுந்ததே காமின் வம்சத்தின் மேல், அந்தக் காம். நாங்கள் வேறு மகனின் வம்சம், நீங்கள் காமின் வம்சம், அதனால் அடிமை. காலில் பிறந்தவன் கதை நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அங்கே நாகரிகமில்லாதவனைத் திட்ட ‘ஹாம்’ என்கிறார்கள். வசவு போகவில்லை. ஆனால் ‘பான்’ எல்லோருக்கும் வந்துவிட்டது. நடுவில் கம்யூனிஸ்டுகள் ஆண்டபோது ‘பான்’ பிரபுத்துவச் சொல், தோழர்கள் ‘நீங்கள்’ என்றே பேசட்டும் என்று பழக்கப் பார்த்தார்கள். சனங்கள் விடவில்லை. கிடைத்த எசமான் பட்டத்தை எதுக்கு விடணும்?

இன்னொன்று. ‘பான்’ விட்டு ‘நீ’க்கு மாறுவது என்றால் அங்கே ரெண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். வயசில் மூத்தவர்தான் முதலில் சொல்ல வேண்டும். ரெண்டு பேரும் கையைக் கோத்துக் குடித்துவிட்டு ‘இனி நீ, நான்’ என்று சொல்கிற பழைய சடங்கே இருந்திருக்கிறது. ‘நீ’ சொல்வதற்கு அனுமதி வாங்கணும், தோழர்களே. நம்ம ஊரில் எங்க அப்பாகிட்ட யார் அனுமதி வாங்கினார்கள்?

போலந்தை நான் சொர்க்கமாகக் காட்டவில்லை. அங்கே இருட்டின பிறகு கறுத்த தோலுக்குத் தெருவில் என்ன கிடைக்கும் என்று அதே பையன்தான் சொன்னான். ஆனால் அவனுக்குப் பெரிய அடி விழுந்தது வெள்ளைக்காரன் கையால் இல்லை. ஒரே அறையில் ஆறு தமிழ்ப் பையன்கள். முதல் ராத்திரி எல்லாருக்கும் எல்லாரும் ‘ங்க’. திருச்சிக்காரன் ஒருத்தன் கேட்டிருக்கிறான், “நீங்க எந்த ஊரு?” ஊரைச் சொன்னான். “ஊர்ல எந்தப் பக்கம்?” தெருவைச் சொன்னான். அம்புட்டுத்தான். மறுநாள் காலையில் “ஏய், அந்தத் தண்ணியை எடு.” சாதி கேட்கவில்லை, சண்டை போடவில்லை. ஒரு ராத்திரியில் ‘ங்க’ உதிர்ந்துவிட்டது. ரொட்டிக் கடையில் எசமான், அறைக்குத் திரும்பினால் ‘ஏய்’.

வெளிநாடு போனால் சாதி கரையும் என்பது கப்பல் காலத்திலிருந்து சொல்கிற பொய். மலேயா ரப்பர் தோட்டத்துக்குக் கங்காணி ஆள் பிடித்துப் போனபோதே லயமும் சாதி பார்த்துப் பிரிந்தது. நம் சொல்லும் கூடவே கப்பலேறியது. ‘பறையர்’ என்பது ‘பரியா’ ஆகி ஐரோப்பா முழுக்கப் போய், ஒதுக்கப்பட்டவன் என்று அகராதியில் உட்கார்ந்துவிட்டது. போலிஷிலும் இருக்கிறது. மோனியுஷ்கோ என்கிற அவர்களுடைய இசையமைப்பாளர் 1869-இல் வார்சாவில் ‘பரியா’ என்றே ஒரு இசைநாடகம் அரங்கேற்றினார். நம்ம பேர் நமக்கு முன்னாலேயே வார்சா பார்த்துவிட்டது!

மலாயிலும் ‘பரியா’ ஒரு வசவு. ‘இன்டர்லோக்’ என்கிற மலாய் நாவலைப் பள்ளிப் பாடமாக வைத்தபோது, இங்கிருந்து போனவர்களைப் ‘பரியா’ என்று அதில் எழுதியிருக்கிறது என்று மலேசிய இந்தியர்கள் கொதித்தார்கள். 2011 முடிவதற்குள் அரசு அதைத் திரும்பப் பெற்றது. போராட்டம் சரிதான். ஆனால் ‘நாங்கள் எல்லாரும் பரியா இல்லை’ என்று கத்துவதற்கும், ‘எந்த மனுசனையும் அப்படிச் சொல்லாதே’ என்பதற்கும் எவ்வளவு தூரம்! அங்கே ‘கெலிங்’ என்று மலாய்க்காரன் சொன்னால் எல்லாத் தமிழனுக்கும் ரத்தம் கொதிக்கும். அது கலிங்கம் என்ற நாட்டுப் பேரிலிருந்து வந்த சொல், வசவாகிவிட்டது. போலந்துக்காரனுக்கும் இதே கதை. அவன் மொழியில் ‘பொலாக்’ என்றால் போலந்துக்காரன், அவ்வளவுதான். அமெரிக்காவில் அதுவே மட்டம் தட்டுகிற சொல். 2016-இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்த சில நாளிலேயே ஹண்டிங்டன் என்ற ஊரில் போலந்துக்காரர்களைப் புழுபூச்சி என்று திட்டி அட்டை போட்டார்கள். வெளியே போனால்தான் தெரிகிறது, நம்ம பேரை அடுத்தவன் வாயில் கேட்பது எப்படி இருக்கும் என்று. தெரிந்த பிறகும் அறைக்குள் வந்து ‘ஏய்’ என்கிறானே, அதுதான் எனக்குப் புரியாத இடம்.

யாழ்ப்பாணத்தில் வெள்ளாளரை ‘நயினார்’ என்று கூப்பிட்ட சனங்கள், டானியலின் ‘பஞ்சமர்’ நாவலில் 1972-லேயே திருப்பிப் பேசினார்கள். பாமா 1992-இல் ‘கருக்கு’ எழுதியபோது நம்ம வாய்மொழி அச்சுக்கு வந்தது. அதை விரிவாகப் பேச இன்னொரு நாள் வேண்டும்.

ஸ்ரீரங்கம் இங்கிருந்து கூப்பிடு தூரம், ஆகவே ஒன்று. உறையூர்ப் பாணர் காவிரித் தென்கரையில் அரங்கனை நினைத்து நின்றார், லோகசாரங்க முனி கல்லால் அடித்தார், பிறகு தோளில் தூக்கிப் போனார் என்று கதை. திருப்பாணாழ்வார் என்று அவருக்கு ‘ஆர்’ விகுதியும் கொடுத்துவிட்டார்கள். எல்லாரும் கல்லையும் தோளையும் பேசுகிறார்கள். கல் வருவதற்கு முன்னால் விலகச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார், பாணர் காதில் விழவில்லை. அந்தக் கூப்பாட்டில் ‘ங்க’ இருந்திருக்குமா?

கடைசியா, நம்ம பக்கம். அருந்ததியத் தோழர் நம்ம தெருவுக்கு வந்தால் எத்தனை வீட்டில் ‘வாங்க’ சொல்கிறோம்? வீட்டில் பொண்டாட்டியை ‘டி’ போடாமல் கூப்பிடுகிற தோழர்கள் இங்கே கை தூக்கலாம். நான் தூக்கவில்லை.

இன்னைக்குக் காலையில் பூங்கா வாசலில் ஒரு பெரியவர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். நம்ம கூட்டத்துக்கு வந்த ஒருத்தர், பேர் சொல்ல மாட்டேன், “ஏய், மண்டபம் எந்தப் பக்கம்?”னு கேட்டார். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். “அய்யா, இந்த வழியா போகணுங்களா?”ன்னு கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

சாப்பாட்டுக்கு அப்புறம் விவாதத்தில் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.