முதுமையும் ஜீவசத்து மாத்திரையும்



ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் மாலையில் கூடும் முதியோர் பேச்சில் இன்று மாத்திரைகளுக்கு நிறைய இடம் உண்டு. மற்ற மருந்துகளை அஞ்சி உண்பவரும் வைட்டமின் மாத்திரையை அஞ்சாமல் உண்கின்றனர். எங்கள் ஆசிரியர்கள் இதனை ஜீவசத்து என்று கற்பித்தார்கள். ஜீவனுக்குச் சத்து என்றால் எவ்வளவு உண்டாலும் நன்மையே என்று எண்ணத் தோன்றுவது இயல்பு.

முதலில் குறையைப் பார்ப்போம். நம் பகுதியில் மரக்கறி உணவினர் மிகுதி. பி12 என்னும் சத்தைத் தாவரங்கள் ஆக்குவதில்லை, நுண்ணுயிர்களே ஆக்குகின்றன. புலால் உண்ணாதார்க்குப் பாலும் தயிருமே வழி. நாளொன்றுக்கு வேண்டியது இரண்டு மூன்று மைக்ரோகிராம்தான். ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறிட்டால் அவற்றுள் இரண்டு மூன்று கூறு. அச்சிறு அளவையும் காலைக் காப்பியில் கலக்கும் பால் நிரப்பிவிடாது. வயது ஏற ஏறச் சிலர்க்கு இரைப்பையில் அமிலம் குறைகின்றது. குறைந்தால் உணவிலுள்ள பி12 பிரிந்து உடலிற் சேர்வது தடைப்படும். நீரிழிவுக்கு நெடுங்காலம் உண்ணும் மெட்பார்மினும், நெஞ்செரிச்சலுக்கு உண்ணும் ஒமிப்ரசோலும் இக்குறையை மிகுவிக்கக் கூடியவை. ஈரலின் சேமிப்பு பல ஆண்டுகள் வருமாதலால் குறை மெல்லவே வெளிப்படும். பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும், நாக்கு புண்ணாகும், மறதி கூடும். "வயதாயிற்று, அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். நெடுநாள் கவனியாத நரம்புக்கேடு முழுவதும் மீளாமற் போகலாம்.

இதனோடு பிணைந்த மற்றொரு சத்து போலிக் அமிலம். 1928-ல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், கருவுற்ற ஏழைப் பெண்களின் இரத்தசோகை மார்மைட் என்னும் ஈஸ்ட் சாற்றினால் தீர்வதைக் கண்டார். அதிலிருந்த சத்தே போலிக் அமிலம் என்பது பின்னர் விளங்கிற்று. நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில், லெடர்லே ஆய்வுக்கூடத்தார் 1945-ல் அதனைச் செயற்கையாக ஆக்கினர். உலகிற்குப் பெரும் நன்மை செய்த மருந்து அது. ஆயினும் பி12 குறைந்தவர் போலிக் அமிலத்தை மட்டும் மிகுதியாக உண்டால் இரத்தசோகை மாறிவிடும். நரம்பின் கேடோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். விடை மட்டும் சரியாக இருந்து வழிமுறை முழுதும் பிழையான கணக்குகளை நான் எத்தனையோ திருத்தியிருக்கின்றேன். இரத்தத்தைப் பார்த்து மட்டும் நிறைவடைவதும் அப்படித்தான்.

ஆசாரம் மிக்க சிலர் ஈரலிலிருந்து எடுத்ததோ என்று பி12-ஐ ஒதுக்குகின்றனர். இக்காலத்தில் அது நுண்ணுயிர்களை நொதிக்கச் செய்து ஆக்கப்படுவது. கூட்டின் மேலுறை ஜெலட்டினாக இருக்கலாம். ஐயமுள்ளோர் உறையில்லாத வில்லையைக் கேட்டு வாங்கலாம்.

இனி மிகுதி. திருச்சி வெயிலை நொந்துகொள்ளாதவர் இல்லை. அவ்வெயில் தோலில் பட்டாலன்றோ டி சத்து உண்டாகும்? விடியுமுன் அம்மா மண்டபத்தில் நீராடிவிட்டுப் பகலெல்லாம் உள்ளறையில் இருப்பவர்க்கு அது குறைவதில் வியப்பில்லை. முதியோர் தோலின் திறனும் குறைந்தது. அதற்கு 60,000 யூனிட் மருந்தை வாரம் ஒரு முறை என்று சில வாரங்களுக்கு மட்டும் மருத்துவர் எழுதுவதுண்டு. அதை நாள்தோறும் என்று கொண்டாலும், மாதக்கணக்கில் தாமே தொடர்ந்தாலும், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறித் தாகம், வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் தோன்றும், சிறுநீரகமும் கெடும். குறை உண்டா என்று பாராமல் உண்பதற்கும் பெரிய பயனில்லை. அமெரிக்காவில் 25,871 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், நாளும் 2,000 யூனிட் உண்டவர்க்கு எலும்பு முறிவு குறையவில்லை என்பது 2022-ல் வெளியாயிற்று. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர்க்குப் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தபோது நுரையீரற் புற்று கூடியதென்று 1994-ல் அறிந்தனர்.

ஆதலின் அறுபது கடந்த மரக்கறி உணவினரும், மெட்பார்மின் உண்போரும் பி12 அளவைச் சோதிக்க வேண்டுமா என்று மருத்துவரைத் தாமே கேட்கலாம். செல்லும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்க. ஒரே சத்து மூன்று பெயர்களில் இருப்பது அப்போதுதான் தெரியவரும். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் உண்பவர், கே சத்து அடங்கிய மாத்திரை எதையும் அவரைக் கேளாமல் தொடங்கலாகாது.