வீட்டுத் தண்ணீருக்கு இருவர் வாரியம்
(ஏனாத்தூரில் தம்பதியருக்காக நிகழ்த்திய பேச்சு)

 

கோடை வந்துவிட்டால் நம் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். "குழாயில தண்ணி வந்துதா? எத்தனை குடம் பிடிச்சே?" மழை பொய்த்த வருஷமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கமான அளவில் பாதிகூடப் பெய்யவில்லை. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. 2019 ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போயிற்று. அப்படிப்பட்ட நாள் இனி வராது என்று யாரும் சொல்ல முடியாது.

"தண்ணீரைச் சிக்கனமாகச் செலவு செய்யுங்கள்" என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். சரிதான். ஆனால் சுகாதாரத் துறை அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீரைக் குறைக்க வேண்டிய இடம் உண்டு; குறைக்கவே கூடாத இடமும் உண்டு. இது இரண்டும் மாறிப் போனால், தண்ணீர் மிச்சமாகும், உடம்பு கெட்டுப் போகும்.

அந்தக் காலத்து ஏரி வாரியம்

நம் உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டியது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றைக்கும் இருக்கிறது. குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் என்று அமர்த்தினார்கள். பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடியும் வாரியத்தில் வர முடியாது என்றும் எழுதி வைத்தார்கள்.

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஏரித் தண்ணீருக்கு ஆள் இருந்தது, கணக்கும் இருந்தது. இன்றைக்கு நம் வீட்டுத் தண்ணீருக்கு யார் வாரியம்? புருஷன், பெண்சாதி நீங்கள் இரண்டு பேரும்தான். ஒருவர் மட்டும் அல்ல, இரண்டு பேரும்.

முதலில் கணக்கு

ஒரு குடம் சுமார் 15 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து வீட்டுக்கு ஆள் ஒன்றுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஏறக்குறைய 15 குடம். பஞ்ச காலத்தில் அவ்வளவு கிடைக்காமல் போகலாம். பேரிடர் சமயத்தில்கூட ஆளுக்கு 15 லிட்டராவது வேண்டும் என்பது உலகெங்கும் நிவாரண வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கும் அளவு. அதாவது ஆளுக்கு ஒரு குடம். அதற்குக் கீழே போனால் நோய்க்கு வழி விட்டதாகும்.

நாலு பேர் வீட்டில் எட்டுக் குடம்தான் கிடைக்கிறது என்றால் இப்படிப் பங்கு போடலாம். குடிக்கவும் சமைக்கவும் இரண்டு. குளிக்க மூன்று. பாத்திரம் கழுவ ஒன்று. துணிக்கு ஒன்று. கை கழுவவும் கக்கூஸுக்கும் ஒன்று. "தோட்டத்துக்கு எங்கேங்க?" என்று கேட்பீர்கள். தோட்டத்துக்குப் புதுத் தண்ணீர் ஒரு செம்புகூட வேண்டாம். அதைப் பிறகு சொல்லுகிறேன்.

குறைக்கக் கூடாத இடங்கள்

ஒன்று, குடிக்கிற தண்ணீர். நம் வீட்டுப் பெண்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். வெளியே சொல்லுவதில்லை. தண்ணீர் மிச்சமாகட்டும் என்றும், அடிக்கடி ஒதுங்கப் போக வேண்டாமே என்றும் குடிப்பதையே குறைத்துக் கொள்ளுகிறார்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் உடம்புக்குத் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். எரிச்சல், காய்ச்சல் வந்தால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். கர்ப்பிணிக்கு இந்தத் தொற்று வந்து கவனிக்காமல் விட்டால் குறைமாதப் பிரசவம்கூட ஆகலாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். பால் கொடுக்கிற தாய்க்குத் தண்ணீர் மற்றவர்களைவிட அதிகம் வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கோ, எவ்வளவு வெயில் அடித்தாலும் தாய்ப்பால் மட்டும் போதும். தனியாகத் தண்ணீர் வேண்டாம். ஆகவே தாய் குடிக்கிற தண்ணீர்தான் குழந்தையின் தண்ணீர்.

இரண்டு, கை கழுவுகிற தண்ணீர். கக்கூஸ் போய் வந்த பிறகு, குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகு, சமைக்கும் முன், சோறு ஊட்டும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும். இதற்குச் செம்பு செம்பாகக் கொட்ட வேண்டியதில்லை. பழைய பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் சிறு துளை போட்டுக் கவிழ்த்துக் கட்டித் தொங்க விடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு கையும் சுத்தமாகிவிடும்.

மூன்று, மாதவிடாய் நாட்களில் பெண்களும் வயசுப் பிள்ளைகளும் சுத்தம் செய்துகொள்ளும் தண்ணீர். இதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது.

கிணறு வற்றும்போது அடித்தண்ணீர் கலங்கி வரும். அதை வடிகட்டி, தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிஷமாவது கொதிக்க விட்டு, ஆற வைத்து, மூடி வைத்துக் குடியுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுவதும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அங்கே தண்ணீர்தான் மருந்து.

குறைக்க வேண்டிய இடங்கள்

சொட்டுகிற குழாயைப் பாருங்கள். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று கணக்குப் போட்டாலும் நாளைக்கு 4 லிட்டருக்கு மேல். மாதத்துக்கு ஏறக்குறைய 130 லிட்டர். எட்டுக் குடத்துக்கு மேல் சாக்கடைக்குப் போகிறது. ஒரு வாஷர் மாற்றினால் போதும்.

எச்சில் பாத்திரத்தை முதலில் நாரால் வழித்துவிட்டு, ஒரு அன்னக்கூடையில் தேய்த்து, இன்னொன்றில் அலசுங்கள். துணியைக் குழாயடியில் வைத்து அலசாமல் வாளியில் முக்கி எடுங்கள். கடைசியாக அலசிய தண்ணீர் கக்கூஸுக்கு ஆகும். அரிசி களைந்த தண்ணீர் வழக்கம்போல் மாட்டுக்கு.

தோட்டத்துக்கு இரண்டாம் தண்ணீர்

குளிக்கிற கல்லை வாழைக்கும் பப்பாளிக்கும் பக்கத்தில் போடுங்கள், அல்லது அங்கே போக ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். குளித்த மூன்று குடத்தில் பெரும்பங்கு தோட்டத்துக்குத் திரும்பி வரும். கீரைக்கு மட்டும் காய்கறி கழுவின தண்ணீரையே ஊற்றுங்கள். சோப்புத் தண்ணீர் வேண்டாம். குழந்தையின் மலத்துணி, நோயாளியின் துணி துவைத்த தண்ணீர் எந்தக் காய்கறிப் பாத்திக்கும் போகக் கூடாது.

உச்சி வெயிலில் ஊற்றினால் அதிகமாக ஆவியாகிப் போகும். விடியலிலோ, பொழுது சாய்ந்தோ ஊற்றுங்கள். செடி அடியில் சருகு, வைக்கோல், கரும்புச் சோகை எது கிடைத்தாலும் பரப்பி வெயில் மண்ணில் படாமல் மூடுங்கள். தென்னையைச் சுற்றி உரிமட்டையைப் புதையுங்கள். அது தண்ணீரைக் குடித்து வைத்துக் கொண்டு மெல்ல விடும். முருங்கைக் கன்றுக்கும் கத்தரிக்கும் பக்கத்தில் ஒரு பழைய மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, தண்ணீர் ஊற்றி மூடுங்கள். பானை கசிந்து கசிந்து வேருக்கு மட்டும் ஈரம் கொடுக்கும். வெளியே ஒரு சொட்டு வீணாகாது. கையிருப்பு மிகவும் குறைந்துபோனால் எல்லாச் செடியையும் அரைகுறையாகக் காப்பாற்ற நினைக்காதீர்கள். முருங்கையையும் கீரையையும் காப்பாற்றுங்கள். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் வேண்டிய இரும்புச் சத்து அவற்றில் உண்டு.

சேர்த்த தண்ணீரில் கொசு

பஞ்ச காலத்தில் அண்டா, தொட்டி, டிரம் எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். டெங்கு கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். வறட்சி அறிவித்த அதே 2017-இல் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். ஆகவே வாரம் ஒரு நாள் தொட்டியைக் காலி செய்து, சுவரை நாரால் நன்றாகத் தேய்த்து, காய வைத்துப் பிறகு பிடியுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம், செடிக்கு ஊற்றலாம். வாய்க்குத் துணி கட்டி மூடுங்கள்.

ஐயாமார்களுக்கு ஒரு வார்த்தை

ஒரு குடம் 15 கிலோ. எட்டுக் குடம் என்றால் நாளைக்கு 120 கிலோ. அதை இடுப்பில் சுமப்பது யார்? கர்ப்பிணியும், பிரசவமாகி உடம்பு தேறாத பச்சை உடம்புக்காரியும் பாரம் தூக்கக் கூடாது. "தண்ணி எடுக்கிறது பொம்பள வேலை, நாலு பேர் சிரிப்பாங்க" என்று சொல்லுவீர்கள். சிரிக்கட்டுமே! சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டிக்கொண்டு வருகிற ஆம்பளையைப் பார்த்து, அவன் பெண்சாதி சிரிக்க மாட்டாள்.

மழை வரும்போதும் வேலை இருக்கிறது. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வீட்டுக் குழாய் அடைத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். இருபது அடிக்குப் பதினைந்து அடி கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 280 லிட்டர் விழுகிறது. சிந்தியது போக 200 லிட்டருக்கு மேல் நிற்கும். அதாவது பதிமூன்று, பதினாலு குடம், யாரும் சுமக்காமல் வீட்டு வாசலுக்கே வரும்.

இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து, நேற்று எத்தனை குடம் வந்தது, எதற்கு எத்தனை போயிற்று என்று ஒரு கணக்குப் போடுங்கள். யார் சுமந்தார்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.