வேரோடு களைவோம்



சுண்ணாம்புக்குளம் தொடங்கி பழவேற்காடு வரை நம் ஏரிக்கரை ஊர்களில் கொல்லையைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு அதிகத் தொல்லை தருவது வேலிகாத்தான். சீமைக் கருவேலம் என்று ஏடுகளில் சொல்வது இதைத்தான். 1877-ஆம் ஆண்டு ஜமைக்காவிலிருந்து வந்த விதையைக் கடப்பாவில் விதைத்தார்கள். வறண்ட நிலத்துக்குப் பச்சை, அடுப்புக்கு விறகு என்று நல்ல எண்ணத்தோடுதான் கொண்டுவந்தார்கள். இன்று அதை ஒழிக்க அரசும் நீதிமன்றமும் முயலவேண்டியிருக்கிறது.

இதை அரிவாளால் வெட்டினால் போகாது. தண்டும் வேரும் சேருகிற இடத்தில், மண்ணுக்கடியில், மொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. மேலே வெட்டியதும் அவை விழித்துக்கொள்ளும். ஒரு தண்டு நின்ற இடத்தில் நான்கைந்து கிளம்பும். ஆகவே வேலை தெரிந்தவர்கள் சுற்றிலும் மண்ணைப் பறித்து, பக்க வேர்களை அறுத்து, கடப்பாரை போட்டு அடிக்கட்டையையே பெயர்த்தெடுக்கிறார்கள்.

நம்மிடையே உள்ள பகையும் இப்படித்தான். ஏரியில் பாடு விட்டுக்கொடுப்பதில் வந்த மனத்தாங்கல், அண்ணன் தம்பிக்குள் மனை பிரித்ததில் வந்த வழக்கு. ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள் என்று தலையாட்டிவிடுகிறோம். திருப்பலியில் சமாதானமும் சொல்கிறோம். இதெல்லாம் மேல்வெட்டு. ஒரு கல்யாணத்துக்குச் சரியாக அழைக்கவில்லை என்றால் போதும், பத்து வருடத்துக் கதை முழுவதும் துளிர்த்துவிடுகிறது. வெட்டுண்ட மரம் தண்ணீரின் வாடை பட்டாலே தளிர்க்கும் என்கிறார் யோபு. அவர் அதை நம்பிக்கைக்கு அடையாளமாகச் சொன்னார். பகைக்கும் அதே உயிர் இருக்கிறது. அதனால்தான் எபிரேயர் திருமுகம் கசப்பின் வேரைக் குறித்து நம்மை எச்சரிக்கிறது.

அந்த வேரைத் தோண்டுவது எப்படி? காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரரோடு ஒப்புரவாகச் சொல்கிறார் ஆண்டவர். அவரே வரட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை. எனவே நாமே போகவேண்டும். எது வலித்தது என்பதைச் சத்தம் போடாமல் சொல்லவேண்டும். அவருக்கு எது வலித்தது என்பதையும் கேட்கவேண்டும். திருப்பிக் கொடுக்கவேண்டியது இருந்தால் சக்கேயுவைப்போலக் கொடுத்துவிடவேண்டும். ஒப்புரவு அருளடையாளம் இதற்கு வேண்டிய பலத்தைத் தருகிறது. ஆனால் அந்த வீட்டு வாசல்வரை நடப்பது நம்முடைய பொறுப்பு.

கட்டையைப் பெயர்த்த பிறகும் இரண்டு வேலைகள் உண்டு. மண்ணில் சிந்திய விதைகள் அடுத்த மழைக்கு முளைக்கும். கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிடவேண்டும். பழைய பேச்சை யாராவது கிளறினால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அடுத்து, குழியை வெறுமையாக விடாமல் ஒரு வேம்போ புங்கனோ நடுங்கள். பேசாதிருந்த வீட்டுக்கு இந்த ஞாயிறு ஒரு கிண்ணம் மீன்குழம்பு கொடுத்தனுப்புங்கள். அது நீங்கள் நடும் கன்று.

வேர்வரை நம்மை அறிந்த இறைவன், தோண்டும் துணிவையும் நடும் அன்பையும் நமக்குத் தருவாராக. ஆமென்.