வழி கேக்கிறதும் வழி விடுறதும்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

 

நான் மேடையில பேசிப் பழகினவ இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். வீட்டு வேலையும், குழுவுல கணக்கு நோட்டு எழுதுறதும்தான் எனக்குத் தெரிஞ்சது. "கடன் வாங்கி முன்னேறின கதையச் சொல்லு"ன்னு செயலாளர் அக்கா சொன்னாங்க. அதைச் சொல்ல இங்க நிறைய பேர் இருக்கீங்க. நான் நம்ம ரோட்டைப் பத்திப் பேசப் போறேன். கடனக் கட்டுறதுக்கும் அந்த ரோட்டு வழியாத்தானே போயிட்டு வாறோம்.

தென்காசிச் சீமையில நமக்குக் காத்தைப் பத்திச் சொல்ல வேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியா ஆனி ஆடியில அடிக்கிற காத்துக்காகத்தான் நம்ம காட்டுல எல்லாம் காத்தாடி நிக்குது. அந்தக் காத்தாடிக்கு றெக்கை எந்த வழியா வருது? நாம சைக்கிள் ஓட்டிப் போற அதே ரோட்டு வழியாத்தான். இப்ப வர்ற றெக்கை ஒண்ணு 60 மீட்டர், 70 மீட்டர் நீளம். 70 மீட்டர்னா 230 அடி. நம்ம தெருவுல இந்த முக்குல இருந்து அந்த முக்கு வரைக்கும் வரும்.

நம்ம கிராமத்து ரோட்டுல தார் போட்ட அகலம் பெரும்பாலும் மூணே முக்கால் மீட்டர், அதாவது 12 அடி. சாதாரண லாரி சட்டப்படி 2.6 மீட்டர் அகலம் வரைக்கும் இருக்கலாம். அது எட்டரை அடி. மிச்சம் மூணரை அடிதான். அந்த மூணரை அடியிலதான் நம்ம புள்ளைங்க சைக்கிள், நம்ம ஆடு மாடு, தலையில புல்லுக்கட்டு வச்சு வர்ற நாம எல்லாரும் போகணும்.

மூணு வருசத்துக்கு முந்தி, ஒரு பங்குனி மாசம். பேங்குல குழுப் பணம் கட்டிட்டு ஏழு பேரா ஷேர் ஆட்டோவுல திரும்பி வந்தோம். குளத்துக்கரை வளைவுல முன்னாடி ஒரு றெக்கை வண்டி. வளைவுல வலது பக்கமாத் திரும்ப அது முன்னாடி போறதும் பின்னாடி வர்றதுமா இருந்துச்சு. ஒரு பையன் சிவப்புக் கொடியோட முன்னாடி நின்னான். பின்னாடி யாருமில்லை. வெயில்னா வெயில். வீட்டுல புள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரம். நாங்கதான் ஆட்டோ அண்ணாச்சிய அவசரப்படுத்தினோம். "அவன் வலது பக்கம்தானே திரும்புறான், இடது பக்கம் காலியாத்தானே கெடக்கு, ஓரமாப் போயிருங்க"ன்னு சொன்னதுல என் சத்தமும் உண்டு.

ஆட்டோ கரைமேட்டுல ஏறுச்சு. அப்பத்தான் ஒண்ணைப் பார்த்தோம். வண்டித் தலை வலது பக்கம் திரும்பும்போது, பின்னாடி நீட்டிக்கிட்டிருக்கிற றெக்கை வால் இடது பக்கமா வீசி வருது. டிரைவருக்கு அது தெரியாது. அவருக்கும் வாலுக்கும் அவ்வளவு தூரம். மெதுவாத்தான் வந்துச்சு. ஆனா எங்களால நகர முடியல. ஆட்டோக் கூரை நசுங்கி, ஓரத்துல இருந்த எங்க மதினிக்குத் தோள்பட்டை எலும்பு ஒடிஞ்சுபோச்சு.

மதினி பீடி சுத்துறவங்க. ரெண்டு மாசத்துக்கு மேல கைய அசைக்க முடியல. அவங்க தவணைய நாங்க பன்னிரண்டு பேரும் பிரிச்சுக் கட்டினோம். அந்த நோட்டை எழுதுனது நான்தான். ஒவ்வொரு மாசமும் அந்தக் கணக்கை எழுதும்போது, 'ஓரமாப் போயிருங்க'ன்னு நான் சொன்னது காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

அந்த வாரக் கூட்டம் ஒரே சண்டை. "இனிமே ஒரு வண்டியையும் ஊருக்குள்ள விடக்கூடாது, ரோட்டுல உக்காருவோம்"னு பாதிப்பேர். "எங்க நிலத்தைக் குத்தகைக்குக் குடுத்திருக்கோம், எம்மகன் காத்தாடியில வாட்ச்மேன் வேலை பார்க்கான், வண்டிய மறிச்சா என் பொழைப்பு என்னாகும்?"னு மீதிப்பேர். ரெண்டு பக்கமும் நம்ம ஆளுதான்.

அப்ப மூலையில இருந்த ஆச்சி ஒருத்தங்க கேட்டாங்க: "ஏட்டி, வரப்புல எதிரும் புதிருமா ரெண்டு பேரு வந்தா யாரு ஒதுங்குவா?" நாங்க சொன்னோம், "தலையில சுமை இருக்கிறவளுக்கு வெறுங்கையா வர்றவ ஒதுங்கணும்." ஆச்சி சொன்னாங்க, "ஆமா. அவளால திரும்ப முடியாது. ஆனா சுமைக்காரி சும்மாவா வருவா? 'ஒதுங்கு தாயீ'ன்னு சத்தம் குடுத்துக்கிட்டுத்தானே வருவா? சத்தம் குடுக்காம வந்து இடிச்சா தப்பு அவ மேல. சத்தம் கேட்டும் ஒதுங்கலைன்னா தப்பு நம்ம மேல."

நான் இன்னைக்குச் சொல்ல வந்ததும் இதுதான். பெரிய வண்டிங்கிறதுக்காக நாம பயந்து ஒதுங்கல. அதால திரும்ப முடியாது, சட்டுனு நிக்க முடியாது, அதனால ஒதுங்குறோம். மலைப்பாதை விதியும் இதேதான். புளியரை மலையில ஏறியிருந்தா பார்த்திருப்பீங்க. ரெண்டு வண்டிக்கு இடம் இல்லாத ஏத்தத்துல இறங்குற வண்டி நின்னு, ஏறுற வண்டிக்கு வழி விடணும். பாரத்தோட ஏறுற வண்டி நின்னுட்டா மறுபடி கிளம்புறது கஷ்டம். ஆனா நாம வழி விடணும்னா அவங்க முன்கூட்டியே சத்தம் குடுக்கணும். அது அவங்க கடமை.

அதையே தீர்மான நோட்டுல எழுதி, மே 1 கிராம சபையில குடுத்தோம். தலைவர் ஐயா அந்த வேலை பார்க்கிற ஆட்களைக் கூப்பிட்டுப் பேசினாங்க. நாலு விசயம் கேட்டோம். ஒண்ணு, றெக்கை வண்டி வர்றதுக்கு முந்தின நாளே ரேஷன் கடைப் பலகையிலயும் குழு வாட்ஸ்அப்புலயும் நேரத்தோட சொல்லணும். ரெண்டு, ஸ்கூல் போற நேரமும் விடுற நேரமும் வண்டி ஊருக்குள்ள வரக்கூடாது. மூணு, வளைவுல முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர் கொடியும் விசிலும் வச்சு நிக்கணும். நாலு, 108 வண்டி வந்தா எந்த இடத்துல ஒதுங்கி விடுறதுன்னு முதல்லயே முடிவு பண்ணிட்டுத்தான் ஊருக்குள்ள நுழையணும். ஆம்புலன்சுக்கு வழி விடாட்டி 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம்னு சட்டமே இருக்கு.

உடனே எல்லாம் நடந்துடல. ரெண்டு தடவை சொல்லாமலே வந்தாங்க. நாங்க மறிக்கல, போன் போட்டோம், விடாம போட்டோம். இப்ப சொல்லிட்டு வாறாங்க. நாங்களும் அந்த நேரத்துல ஆட்டைப் பத்திக்கிட்டுப் போறதில்லை.

இதோட பேச்சை முடிச்சா எனக்குக் கைதட்டு கிடைக்கும். ஆனா மீதியையும் சொல்லணும்.

எங்க வீட்டுல டிராக்டர் இருக்கு. டிரெய்லர் குழுக்கடன்ல வாங்கினது. போன வருசம் பிசான அறுவடை முடிஞ்சு வைக்கோல் ஏத்தி வந்தாங்க. நம்ம வைக்கோல் பாரம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு பக்கமும் பிதுங்கி, பின்னாடி லைட்டையும் மறைச்சிருக்கும். ராத்திரி வர்ற வழியில டயர் பஞ்சர். ரோட்டுலயே வண்டிய நிறுத்திட்டு ஸ்டெப்னி எடுக்க எங்க வீட்டுக்காரர் போயிட்டாங்க. பின்னாடி ஒரு விளக்கு இல்லை, ஒரு கல்லு வைக்கல, ஒரு கொப்பு கூட ஒடிச்சு வைக்கல. என் தம்பி மகன் பைக்குல வந்து அந்த வைக்கோலுக்குள்ளயே போய் மோதினான். கால்ல தகடு வச்சிருக்கு. அந்த வருசம் பன்னிரண்டாவது பரீட்சை எழுத முடியல.

காத்தாடிக்காரங்க கிட்ட கொடி கேட்டு, விசில் கேட்டு, தீர்மானம் எழுதுனவ நான். என் வண்டிக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டல. ஆஸ்பத்திரியில தம்பி பொண்டாட்டி என்னை ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா மனசு ஆறியிருக்கும்.

அதனால மேடையில இருந்து ரெண்டு விசயம் கேக்கேன். ஒண்ணு நமக்கு. நீளமான வண்டி வளைவுல திரும்பும்போது அது எந்தப் பக்கம் திரும்பினாலும் பக்கத்துல போகாதீங்க. அது முழுசா நேராகுற வரைக்கும் பின்னாடி தள்ளி நில்லுங்க. புள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுங்க. பத்து நிமிசம் போனாப் போகட்டும்.

இன்னொண்ணு நம்ம கூட்டமைப்புக்கு. டிராக்டருக்கோ டிரெய்லருக்கோ நாம கடன் குடுக்கும்போது, பின்னாடி சிவப்பு, பக்கவாட்டுல மஞ்சள், முன்னாடி வெள்ளை மினுக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்னு பார்த்துட்டுக் குடுப்போம். ஏற்கெனவே வாங்கின வண்டிகளுக்கு நாமளே போய் ஒட்டுவோம். வைக்கோல் ஏத்தினா பின்னாடி ஒரு சிவப்பு விளக்கைப் பாரத்துக்கு வெளிய கட்டித் தொங்க விடச் சொல்லுவோம். பாரம் அளவுக்கு மீறி நீட்டிக்கிட்டிருந்தா, 2019ல திருத்தின சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்குப் பயந்து செய்ய வேண்டாம். ராத்திரி அந்த ரோட்டுல வரப்போறது நம்ம வீட்டுப் புள்ளைதான்னு நினைச்சுச் செய்வோம்.

எங்க டிரெய்லர்ல ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. ஒட்டினது என் தம்பி மகன்தான், ஊன்றுகோலோட வந்து ஒட்டினான். இந்த வருசம் பரீட்சை எழுதுறான். நீங்க எல்லாரும் அவனை வாழ்த்தணும்.