போன் சொல்லும் சொற்கணக்கு





டொக்டரைப் பேசக் கூப்பிட்டால் சீனி வியாதியைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் மகள் உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள். அண்மையில் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் 3,400. நாலு வயது ஆங்கிலப் பிள்ளையின் அளவு" என்று இருந்தது. அதற்குக் கீழேயே காசு கட்டிப் படிக்கும் வகுப்புக்கு ஒரு பொத்தான். "சாச்சி, விண்ணப்பத்தில் மெடிசினைப் போடாமல் விடவா?" என்று கேட்டாள். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இந்தக் கணக்கு எப்படி வருகிறது? போல் நேஷன், டேவிட் பெக்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் ஒரு சொற்சோதனையை வெளியிட்டார்கள். 140 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். ஒரு சரியான விடை 100 சொற்குடும்பங்களுக்குச் சமம். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலும் ஏறக்குறைய 35 சரிவரும். அதாவது ஒன்றுமே தெரியாதவருக்கு 3,500! அவர்கள் அதைக் கவனமாகப் பயன்படுத்தச் செய்தார்கள். போனில் வருகின்றவையோ சில கேள்விகளைக் கேட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் பெருக்கிவிடுகின்றன. 'ஹெல்ப்', 'ஹெல்பர்', 'ஹெல்ப்புல்' மூன்றையும் ஒன்றாக எண்ணுவதா, மூன்றாக எண்ணுவதா என்பதும் இடத்துக்கு இடம் வேறு. ஆகவே ஒன்றின் எண்ணை மற்றதோடு ஒப்பிடவே முடியாது. குறைத்துச் சொன்னால் வகுப்பு விற்கும். கூட்டிச் சொன்னால் பிள்ளைகள் பெருமையோடு தோழிகளுக்கு அனுப்புவார்கள், இன்னும் ஆள் சேரும்.

நாங்களும் தமிழில் உயர்தரம் படித்துவிட்டுத்தான் மெடிக்கல் பெகல்ட்டிக்குப் போனோம். வார்டில் ஒரு நாள், காலில் புண்ணோடு படுத்திருந்த நோயாளியைக் காட்டிப் பெரிய டொக்டர் கேட்டார்: "எனி டிஸ்சார்ஜ்?" எங்களில் ஒருத்தி சட்டென்று, "டுமாரோ, சேர்" என்றாள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவதைக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள். அவர் கேட்டது புண்ணிலிருந்து ஏதும் வடிகிறதா என்று. வார்டே சிரித்தது. (யார் அந்த ஒருத்தி என்று இங்கே சொல்லமாட்டோம். அவள் முன் வரிசையில் இருக்கிறாள்.) போன் சோதனையில் அந்தச் சொல்லுக்கு அவளுக்கு முழுப் புள்ளி கிடைத்திருக்கும்.

அன்று இரவே நாங்கள் ஆளுக்கொரு சீஆர் கொப்பி வாங்கினோம். தனிச் சொல்லை எழுதவில்லை. வார்டில் கேட்ட வசனத்தை அப்படியே எழுதினோம், மறுநாள் அதே வசனத்தை ஒருவரிடமாவது பேசிப் பார்த்தோம். ஒரு வருடத்தில் பயம் போனது. எத்தனை சொல் சேர்ந்தது என்று எண்ணவில்லை.

அந்தக் கொப்பியை அந்தப் பிள்ளையிடம் கொடுத்தோம். மெடிசினை முதலாவதாகப் போட்டு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள்.

வரும் சனிக்கிழமையிலிருந்து அஸருக்குப் பிறகு பாடசாலை நூலகத்தில் எங்கள் வகுப்பில் இரண்டு பேராவது இருப்போம். உயர்தரப் பிள்ளைகள் ஒரு கொப்பியோடு வாருங்கள், ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்போம். காசு இல்லை. பிளேன்டீ எங்கள் செலவு.