வேலைக்குப் பக்கத்தில் ஒரு கதவு



நடைபாதைவாசிகளைப் பற்றிப் பேசும் வழக்கறிஞர்கள் எல்லோரும் ஓல்கா டெல்லிஸ் வழக்கைச் சொல்வார்கள். அதில் மனுதாரராக இருந்த சேலத்துக்காரரைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. வறட்சியால் பிழைப்பற்றுப்போன அந்த நிலமில்லாக் கூலி, 1961இல் பம்பாய்க்குப் போனார். தகிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய்க்கு வேலை. நெடுஞ்சாலையோரம் பிளாஸ்டிக்கும் கித்தானும் போர்த்திய குடிசைக்காக ஒரு தாதா அவரிடம் 2,500 ரூபாய் பிடுங்கினான். நூறு நாளுக்கு மேற்பட்ட கூலி அது. 1981 ஜூலை 23 அன்று மாநகராட்சி அந்தக் குடிசையை இடித்து, குடும்பத்தையே சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டது. மனைவியும் மகள்களும் ஊரிலேயே தங்கிவிட, அவர் மட்டும் திரும்பிப் போய் மறுபடி நடைபாதையில் குடியேறினார். வேலை அங்கேதானே இருந்தது.

1985 ஜூலை 10இல் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதுதான் என்ற வாதத்தை ஏற்றது. ஆனால் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. மழைக்காலம் முடியட்டும் என்று அக்டோபர் 31 வரை அவகாசம் தந்தது. நம் அதிகாரிகள் முதல் பாதியை மறந்து, இரண்டாம் பாதியை மட்டும் நன்றாக மனப்பாடம் செய்துகொண்டார்கள் என்பது என் எண்ணம்.

சென்னைக்கு வருவோம். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவது வழக்கமாக இருந்தது. ஆனால் 2000த்தில், அகற்றப்பட்டவர்களைக் குடியேற்றக் கண்ணகி நகர் வந்தது. பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவத்தின் கரையிலிருந்து ஊர்க்கோடிக்கு லாரியில் ஏற்றப்பட்டவர்களில் எத்தனையோ பேர் பழைய இடத்துக்கே வேலைக்குத் திரும்பினார்கள். 2021இல் வாரியத்தின் பெயரில் 'வாழ்விட மேம்பாடு' வந்தது. கண்ணகி நகரிலிருந்து நகருக்குள் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு பஸ் பயணம் அப்படியேதான் இருக்கிறது.

இப்போது நம் பகுதி. 1960களில் வந்த அம்பத்தூர் எஸ்டேட், ஆவடியின் பாதுகாப்புத் தொழிற்சாலைகள், பூந்தமல்லி நெடுஞ்சாலையின் கட்டட வேலைகள் எல்லாம் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், வீடில்லாதவர்களுக்காக லட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் நிரந்தரக் காப்பகம் வேண்டும் என்றது. 2011 கணக்கெடுப்பில் அம்பத்தூரில் 4.66 லட்சம் பேர், ஆவடியில் 3.46 லட்சம் பேர். அந்தப் பழைய கணக்குக்கே இரண்டு ஊருக்கும் சேர்த்து எண்ணூறு பேருக்கு இடம் வேண்டும்.

ஆனால் காப்பகம் ஓர் இரவுக்கான விடைதான். புருஷனை ஒரு கட்டடத்திலும் பெண்டாட்டியை இன்னொன்றிலும் படுக்கவைக்கும் இடத்துக்கு எந்தக் குடும்பம் போகும்? தள்ளுவண்டியை எங்கே நிறுத்துவது? அவர்களுக்கு வேண்டியது பூட்டக்கூடிய ஒரு கதவு. பின்லாந்து 2008 முதல் இதைத்தான் செய்கிறது. 'முதலில் குடியை விடு, வேலை தேடு' என்று நிபந்தனை போடாமல் வாடகை வீட்டின் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். மற்ற உதவிகள் அந்த வீட்டுக்கே வருகின்றன. அது பணக்கார நாடு, சரி.

நம்மால் முடியாதா? பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்ப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் திறந்த விடுதியில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். செல்போன் கம்பெனிக்கு ஆள் வேண்டும் என்றதும், வேலைக்குப் பக்கத்தில் வீடு கட்ட அரசுக்குத் தெரிந்துவிட்டது. எஸ்டேட்டில் மூட்டை தூக்குகிறவரும் குப்பை பொறுக்குகிறவரும் அதே கணக்கில் ஏன் வரக்கூடாது? அரசு நிலத்தில் குறைந்த வாடகையில் குடும்ப அறைகள் கட்டலாம். அதுவரை குடிசையைப் பிரிக்காமல், தண்ணீரும் கழிப்பறையும் தரலாம்.

இங்கே வார்டு உறுப்பினர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். முகவரி இல்லாதவரும் வாக்காளராகலாம். அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று இரவில் வந்து பார்ப்பது வாக்குச்சாவடி அலுவலரின் வேலை. முதலில் அவர்கள் பெயரைப் பட்டியலில் ஏற்றுங்கள். அடுத்த மாமன்றக் கூட்டத்தில் அந்த எண்ணூறு இடங்களுக்குக் கணக்குக் கேளுங்கள்.